சொட்டு மருந்தும் சேவைச் சங்கங்களும்



1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தோற்றுவித்த ரோட்டரி இயக்கம், 1929இல் சென்னைக்கு வந்தது. நமது திருப்பத்தூர் 2019 வரை அங்கம் வகித்த வேலூர் மாவட்டத்திற்கு அதன் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1980களின் தொடக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான், ரோட்டரியினர் துணையுடன், குறித்த நாட்களில் குழந்தைகள் அனைவருக்கும் போலியோ சொட்டு மருந்து புகட்டும் முறையை வேலூர் நகரில் நடத்திக் காட்டினார். 1995இல் அம்முறை நாடெங்கும் பரவியது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது.

இவை ஏடறிந்த செய்திகள். மருந்துப் பெட்டியைத் தெருத்தெருவாகச் சுமந்தவர் யார், தயங்கிய தாய்மாரிடம் பேசியவர் யார் என்பதோ ஏடேறவில்லை. (மாலையணிந்த தலைவர்களின் படங்களுக்கு மட்டும் குறைவில்லை!) நம் மஹல்லாவில் அப்பணியாற்றிய பெரியவர்களிடம் பேசி எழுதி வைக்க வேண்டுகிறோம், பழைய படங்களின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் இன்றே குறித்திடுங்கள்.