தரவுத்தளக் கருவிகள்: சிறு குழுக்களுக்கு வரலாறு தரும் பாடம்



மூன்று நான்கு பேர் கூடி மென்பொருள் ஆக்கும் சிறு குழுக்கள் முதலில் எதிர்கொள்ளும் வினா, தரவுத்தள நிரலாக்கத்திற்கு எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். விலை, வேகம், எளிமை ஆகியவற்றை எடைபோட்டு முடிவு செய்வது வழக்கம். என் தொழில் ஆசிரியப் பணி, நிரலாக்கம் அன்று. ஆயினும், இக்கருவிகளின் வரலாற்றைப் படித்தபொழுது, இம்மூன்றினும் முதன்மையான வேறொன்று உண்டு என உணர்ந்தேன். அதனை இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தரவுத்தளம் நமக்குப் புதியதன்று. வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். வரிக்கு ஒரு மாணவர். கட்டத்திற்கு ஒரு செய்தி. அத்தகைய பதிவேட்டைக் கணினிக்குள் வைத்துத் தேடவும் திருத்தவும் கணக்கிடவும் வழிசெய்வதே தரவுத்தளக் கருவியின் பணி.

அமெரிக்காவில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், 1978ஆம் ஆண்டுவாக்கில் தம் வீட்டுக் கணினியில் 'வல்கன்' என்னும் நிரலை எழுதினார். அலுவலக நண்பர்களிடையே நடந்த அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்திற்கான புள்ளிவிவரங்களைத் தொகுப்பதே அவருடைய தொடக்க நோக்கம். ஆய்வகத்தின் பெருங்கணினியில் இயங்கிய 'ஜேபிஎல்டிஸ்' என்னும் மென்பொருளே அதற்கு முன்மாதிரி. 1980களின் தொடக்கத்தில் ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதனை 'டிபேஸ் II' என்று விற்பனைக்குக் கொணர்ந்தது. சிறு கணினி வைத்திருந்தவரும் கணக்கும் இருப்பும் பேணும் மென்பொருளைத் தாமே எழுத முடிந்தது.

டிபேஸில் எழுதிய மென்பொருளை இயக்க, வாடிக்கையாளரும் டிபேஸ் வாங்கவேண்டியிருந்தது. 1985இல் வெளிவந்த 'கிளிப்பர்' இக்குறையைப் போக்கியது. அம்மொழியிலேயே எழுதிய நிரலைத் தனித்தியங்கும் கோப்பாக மாற்றித் தந்தது. ஓஹாயோ மாநிலத்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த டேவ் ஃபுல்டனின் குழு, அதே மொழியை மிகுந்த வேகத்துடன் இயக்கும் 'ஃபாக்ஸ்பேஸ்' மென்பொருளை உருவாக்கியது. பின்னர் அதுவே 'ஃபாக்ஸ்ப்ரோ' ஆக வளர்ந்தது.

1988இல் ஆஷ்டன்-டேட், ஃபாக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. நிரல்மொழி தன் உடைமை என்பது அதன் வாதம். ஜேபிஎல்டிஸிலிருந்து தோன்றிய உண்மையைப் பதிப்புரிமை அலுவலகத்திடம் மறைத்தமையால் அவ்வுரிமை செல்லாது என 1990இல் நீதிபதி தீர்ப்பளித்தார். சில மாதங்களில் அத்தீர்ப்பைத் தாமே திரும்பப் பெற்றார். 1991இல் போர்லண்ட் நிறுவனம் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது, வழக்கும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அம்மொழியை நம்பியிருந்த சிறு குழுக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிழைப்புக்குரிய மொழி யாருக்குச் சொந்தம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் நிலை!

1992இல் ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஒன்பதாம் பதிப்புக்குப்பின் புதிய பதிப்பு வாராது என அறிவித்தது. 2015இல் ஆதரவும் முடிவுற்றது. கருவியில் குறையொன்றும் இல்லை. உரிமையாளருக்கு அது வேண்டாததாயிற்று. அதில் பல்லாண்டு உழைத்த சிறு குழுக்கள் வேறு மொழிக்கு மாறவோ பழையதைத் தாமே கட்டிக்காக்கவோ வேண்டியதாயிற்று.

இதற்கு மாறான கதையும் உண்டு. எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து பிறந்த எஸ்கியூஎல் மொழி, 1986இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதனால் அது ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக இல்லை. 1995இல் தோன்றிய மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் கைமாறியது. 2008இல் சன் நிறுவனத்திடமும், 2010இல் ஆரக்கிள் நிறுவனத்திடமும் சென்றது. ஆனால் அதன் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருந்தமையால், அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இலேயே 'மரியாடிபி' என்னும் கிளையைத் தொடங்கினார். பயனர்களுக்கு மாற்றுவழி ஆயத்தமாக இருந்தது.

டிபேஸ் பயன்படுத்திய டிபிஎஃப் கோப்பு வடிவமோ இன்னும் வழக்கில் உள்ளது. அதன் அமைப்பைப் பிறரும் அறிந்திருந்தமையே காரணம். நிலவரைபடத் துறையின் 'ஷேப்ஃபைல்' தொகுப்பில் இன்றும் அக்கோப்பு ஓர் உறுப்பு.

எனவே, கருவியைத் தேர்ந்தெடுக்கும் சிறு குழு மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இம்மொழிக்கு உரியவர் யார்? நம் தரவை வேறொரு கருவியால் படிக்க இயலுமா? உரிமையாளர் கைவிட்டால் தொடர்ந்து பேணுவார் உளரா? பெரிய நிறுவனம் தவறான கருவியைத் தேர்ந்தாலும் பணம் செலவிட்டு மீண்டுவிடும். மூவர் கொண்ட குழுவுக்கு அந்த வசதி இல்லை. விலையையும் வேகத்தையும் அடுத்ததாக ஒப்பிடலாம்.

தங்கள் கருத்துகளை அறிய ஆவலாயுள்ளேன்.