குற்றாலத்துச் சித்திரசபையும் பாரிசுக்குப் போன கிரேக்க தேவர்களும்

குற்றாலம் என்றதும் எல்லோருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறிவிடுவோம். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்துக்கு எதிரே இருக்கும் சித்திரசபையை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நடராஜருக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற நான்கிலும் ஆடுகிறவர் சிலையாக நிற்பார். இங்கே அவர் சுவரில் தீட்டிய ஓவியம். செப்புத் தகடு வேய்ந்த கூரை, சுற்றுச்சுவர் முழுக்கப் புராணக் காட்சிகள். மார்கழித் திருவாதிரைக்குத் தாண்டவ தீபாராதனை நடப்பதும் அந்த ஓவியத்துக்குத்தான்.

இப்போது கொஞ்சம் பிரான்ஸ் பக்கம் போவோம். ஜாக் லூயி டேவிட் (1748-1825) என்ற ஓவியர் 1783-ல், ஹெக்டரின் உடலருகே அழும் ஆந்த்ரோமாக்கியை வரைந்தார். அவருடைய மாணவர் ஆங்கர், 1811-ல் ஜூபிடரையும் தெடிஸையும் வரைந்தார். மகன் அக்கிலிஸுக்காகத் தாய் மன்றாடுகிற காட்சி அது. சிம்மாசனத்தில் ஜூபிடர் மலை மாதிரி உட்கார்ந்திருப்பார். பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கைகள் இவர்களுடையவை. கோடு சுத்தம், உடலமைப்பு கச்சிதம்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஆங்கர் வரைந்த காலத்தில் ஜூபிடரைக் கும்பிட ஆளில்லை. அவருடைய கோயில்கள் மூடிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தெய்வம் போய்விட்டது, கதை மட்டும் மிஞ்சியது. அதனால் அந்தப் படம் மியூசியத்துக்குப் போனது. அதைப் பத்திரமாக வைத்திருப்பது அங்கே ஒரு தனி வேலை.

குற்றாலத்தில் கதை வேறு. இங்கே சாமி இன்னும் சாமிதான். சிக்கலும் அதில்தான் இருக்கிறது. சாரல் ஊரில் சுவருக்கு ஈரம்தான் எதிரி. வண்ணம் மங்கினால் என்ன செய்வது? பக்தர் கண்ணுக்குப் புதுவண்ணம் பூசினால்தான் சாமிக்குச் சிறப்பு. வரலாறு படிக்கிறவனுக்கோ, புதுவண்ணம் பூசினால் பழைய ஓவியரின் கோடு போயே போச்சு! இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: இருப்பதைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம், மேலே தீட்ட வேண்டாம். மியூசியப் படத்துக்குக் கிடைக்கிற கவனிப்பு, தினமும் கும்பிடுகிற படத்துக்குக் கிடைக்கக் கூடாதா?

அடுத்த சீசனுக்குப் போனால், தலை துவட்டிய கையோடு ஒரு நடை அங்கேயும் போய்ப் பாருங்கள்.