தாஷ்கண்ட் புறநகரின் கொரியப் பந்தி

கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட காலம் இது. கிம்ச்சி எங்கே கிடைக்கும், ராம்யன் எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்த பின்னர், கொரிய எழுத்துகளில் பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்களும் அந்நகரில் தோன்றிவிட்டன. அங்கே செல்ல நினைக்கும் நம் குடும்பங்களுக்குள் இரண்டு கேள்விகள் ஒருசேர எழுகின்றன: இது அசல் கொரிய உணவுதானா? இது ஹலாலா?

இவ்விரு கேள்விகளும் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்துவரும் இடம் ஒன்று உண்டு. அது கொரியாவில் இல்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த மண்ணாகிய இன்றைய உஸ்பெகிஸ்தானில், தலைநகர் தாஷ்கண்டின் புறநகர்ப் பகுதிகளில் இருக்கிறது.

1860களில் கொரியாவின் வடகோடியில் உள்ள ஹம்கியோங் மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. மக்கள் தூமன் ஆற்றைக் கடந்து ருஷ்யப் பேரரசின் தூரக் கிழக்குப் பகுதியில் குடியேறினர். அங்கே நிலம் திருத்தினர். பள்ளிகளும் பத்திரிகைகளும் நடத்தினர். தம்மைக் 'கொர்யோ சாரம்', அதாவது கொரிய மக்கள் என்றே அழைத்துக்கொண்டனர். இரண்டு, மூன்று தலைமுறைகள் கழிந்தன. 1937 ஆகஸ்ட் 21 அன்று ஸ்டாலினும் மொலட்டோவும் ஓர் ஆணையில் கையொப்பமிட்டனர். ஜப்பானிய உளவாளிகள் ஊடுருவுவதைத் தடுப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 1,72,000 பேர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு சுமார் 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டனர். பயணம் ஒரு மாத அளவுக்கு நீண்டது. வழியில் இறந்தவர்கள் பலர். உயிருடன் வந்து சேர்ந்தவர்களில் சுமார் 76,000 பேர் உஸ்பெகிஸ்தானிலும் எஞ்சியோர் கஸாக்ஸ்தானிலும் இறக்கிவிடப்பட்டனர்.

குளிர்காலம் தலைக்கு மேல் நின்றது. கஸாக்ஸ்தானின் உஷ்தோபே ஊரருகே, பஸ்தோபே குன்றின் அடியில் அவர்கள் மண்ணைத் தோண்டிக் குழிகளுக்குள் வாழ்ந்தனர். இன்றும் அங்கே நினைவுக்கல் நிற்கிறது. அந்நாட்களில் உள்ளூர் முஸ்லிம்கள் தங்களுக்கு ரொட்டி கொடுத்தார்கள் என்று அம்மக்களின் முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கொடுத்தவர்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கஸாக் மக்கள் 1930களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்திருந்தனர். மத்திய ஆசியாவெங்கும் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன; ஆலிம்கள் சிறையிலும் புதைகுழியிலும் இருந்தனர். விருந்தினரை உபசரிக்கும் மார்க்கக் கடமையை உரக்கச் சொல்ல முடியாத காலத்தில் அக்கடமையைச் செய்தவர்கள் அவர்கள். மத்திய ஆசியா என்றதும் சமர்கந்தின் நீலக் குவிமாடங்களைப் பற்றியே எழுதப் பழகிவிட்டோம். இந்த ரொட்டியைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்.

தாஷ்கண்டைச் சுற்றியுள்ள சிர்ச்சிக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாணல் மண்டிய சதுப்பு நிலங்கள் இருந்தன. கொரியர்கள் அவற்றை நெல்வயல்களாக்கினர். பின்னர் பருத்தியும் பயிரிட்டனர். 'துருவ நட்சத்திரம்' என்று பெயர் பெற்ற கூட்டுப்பண்ணை, 1940 முதல் 1974 வரை கிம் பெங் ஹ்வா என்பவரின் தலைமையில் சோவியத் நாடெங்கும் புகழடைந்தது. அவர் இருமுறை சோஷலிச உழைப்பு வீரர் விருது பெற்றார். ஆனால் கொரிய மொழிப் பள்ளிகள் 1938லேயே ருஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டுவிட்டன. பேரப்பிள்ளைகள் ருஷ்ய மொழியில் வளர்ந்தனர். பாட்டிமார் கைவசம் எஞ்சியது சமையல்.

அந்தச் சமையலுக்கும் இடர் வந்தது. கிம்ச்சிக்கு வேண்டிய நீண்ட இலைச் சீன முட்டைக்கோஸ் புதிய மண்ணில் கிடைக்கவில்லை; கேரட் தாராளமாகக் கிடைத்தது. உஸ்பெக் வீடுகளில் புலாவுக்குக் கேரட்டை நீள நீளமான மெல்லிய கீற்றுகளாக அரிவது அன்றாட வழக்கம். கொரியப் பெண்கள் அவ்வாறே அரிந்து, உப்பும் சர்க்கரையும் வினிகரும் பிசறி, மிளகாய்த்தூளும் பூண்டும் மல்லித்தூளும் மேலே தூவி, காய்ச்சிய எண்ணெயை ஊற்றினர். இதுவே 'மொர்கோவ்ச்சா'. பெயரின் முற்பாதி கேரட்டைக் குறிக்கும் ருஷ்யச் சொல், பிற்பாதி கொரியச் சொல். இன்று பழைய சோவியத் நாடுகள் அனைத்திலும் 'கொரியக் கேரட்' என்றால் குழந்தைக்கும் தெரியும். சியோலிலிருந்து வரும் கொரியரோ, இது என்ன பண்டம் என்று கேட்கிறார். உஸ்பெக் பந்தியில் புலாவுக்குத் தொட்டுக்கொள்ள இதை வைக்கிறார்கள். நம் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி போல என்று சொல்லலாம்.

'குக்சி' இன்னொன்று. மெல்லிய கோதுமை நூடுல்ஸின் மீது சோயா சாறும் வினிகரும் கலந்த குளிர்ந்த நீரை ஊற்றி, வெள்ளரி, முட்டைக்கோஸ், முட்டைப் பொரியல் கீற்று, மாட்டிறைச்சி ஆகியவற்றை அடுக்கித் தருவார்கள். தாஷ்கண்டின் கோடை வெயிலுக்கு ஏற்ற உணவு. சியோலில் இதன் பெயர் குக்சு. இவர்களது ஹம்கியோங் வழக்கில் குக்சி. கிம்ச்சியையும் இவர்கள் 'சிம்ச்சி' என்பர்.

1990களில் தென்கொரிய நிறுவனங்கள் உஸ்பெகிஸ்தானுக்கு வந்தன. ஹூண்டாய் தமிழ்நாட்டில் கால் பதித்த அதே 1996ஆம் ஆண்டில், தேவூ நிறுவனத்தின் கார் ஆலை அந்திஜான் மாகாணத்தின் அசாகாவில் உற்பத்தியைத் தொடங்கியது. மேலாளர்களோடு சியோல் பாணி உணவகங்களும் வந்து சேர்ந்தன. இப்போது தாஷ்கண்டில் இரண்டு கொரியச் சமையல்கள் உள்ளன. தீயில் வாட்டும் இறைச்சியும் சிறு கிண்ணங்களின் வரிசையும் அசல் என்று பயணிகள் கருதுகிறார்கள். கேரட்டும் குக்சியும் கலப்படமாம். இதை நாம் ஏற்பதற்கில்லை. தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என ஊருக்கு ஊர் மாறும் நம் சமையலில் எது அசல் என்று கேட்டால் என்ன சொல்வோம்?

அசல் எது என்பதில் தாராளமாக இருக்கலாம். ஹலாலில் அவ்வாறு இருக்க முடியாது. கொர்யோ சாரம் மக்களின் மரபு உணவில் பன்றி இறைச்சியும் நாய் இறைச்சிக் குழம்பும் உண்டு. குக்சியில் மாட்டிறைச்சி என்பதால் மட்டும் அது ஹலாலாகிவிடாது. அறுத்தவர் யார், ஒரே சட்டியில் வேறென்ன வெந்தது என்பவை கேட்டறிய வேண்டியவை. சியோல் பாணிக் கடைகளில் இறைச்சியை ஊறவைக்கும் கலவையில் அரிசி மது சேர்வதுண்டு. கிம்ச்சியில் உப்பிட்ட இறால் சேர்ப்பதும் வழக்கம். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நம் கடலோரக் குடும்பங்களுக்கு அதில் சிக்கலில்லை. ஹனஃபிகளான உஸ்பெக் மக்களுக்கோ அது கருத்து வேறுபாட்டுக்குரிய பொருள். இறாலைப் பற்றிய விவாதம் நம் கல்யாண வீடுகளில் மட்டும் நடப்பதன்று போலும்!

கேட்பதில் தயக்கம் வேண்டாம். பன்றி உண்ணாத அண்டை வீட்டாரோடு மூன்று தலைமுறை வாழ்ந்த மக்கள் அவர்கள். அக்கேள்வி அவர்களுக்குப் புதிதன்று.

நகரின் தென்கிழக்கே உள்ள கூய்லிக் சந்தை இவ்வுணவைத் தேடுவோர் செல்லும் இடம். அங்கே கொரியப் பெண்கள் கேரட், கத்தரிக்காய், சோயா முளை ஆகியவற்றில் செய்த ஊறுகாய்களைக் குவித்து வைத்து விற்கிறார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் முதியவரின் அறுபதாம் ஆண்டுக்கும் பெரும் விருந்து வைப்பது கொரிய மரபு. அவ்விருந்துகளை உள்ளூர்க் கொரியக் குடும்பங்கள் எந்த உணவகத்தில் வைக்கின்றன என்று அந்தப் பெண்களிடம் விசாரித்தால், பளபளக்கும் பெயர்ப்பலகைகளைவிட நல்ல வழி கிடைக்கும்.

சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தது, கூட்டுப்பண்ணைகளும் கலைந்தன. பல்லாயிரம் கொர்யோ சாரம் குடும்பங்கள் பாட்டனாரின் நாடாகிய தென்கொரியாவுக்கு வேலை தேடிப் போயின. சியோலின் புறத்தே உள்ள ஆன்சானிலும் தெற்கே குவாங்ஜு நகரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. அங்குள்ள கடைகளில் புலாவும் சம்சாவும் தந்தூர் ரொட்டியும், அவற்றோடு மொர்கோவ்ச்சாவும் விற்கிறார்கள். வேலைக்கு வந்த உஸ்பெக் இளைஞர்கள் ஊர் நினைப்பில் அக்கடைகளைத் தேடி வருகிறார்கள். உள்ளூர்க் கொரியர்களும் புதுமையான வெளிநாட்டு உணவு என்று வாங்கி உண்கிறார்கள்.