தண்ணீர் எங்கே? நிலம் நிற்குமா? - கல்பாக்கம் முதல் கோலார் வரை அணுக்கழிவின் கதை

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை வருகிறது என்றால், அந்த நிலத்துக்கு முதலில் வருபவர்கள் கொத்தனார்கள் அல்ல. துளை போடும் ஆட்கள்தான். மூன்று கால் கம்பம் நட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழ விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். பிறகு அந்தத் துளையில் தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று அளந்து குறித்துக் கொள்வார்கள். இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் "சாயில் டெஸ்ட்".

இந்த வட்டாரத்தில் இது வெறும் சடங்கு அல்ல. ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்று புவியியல் நூல்களில் பெயர் பெற்ற களிமண், களிப்பாறை, மணற்பாறை அடுக்குகள் இங்கே உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய இலைகளின் அச்சு கூட அவற்றில் கிடைக்கிறது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே கட்டடம் கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தண்ணீர் எங்கே இருக்கிறது? நிலம் அசையாமல் நிற்குமா?

தொழிற்சாலைக்கு இந்தப் பதில் ஐம்பது ஆண்டுகளுக்குச் சரியாக இருந்தால் போதும். இதே இரண்டு கேள்விகளை 300 ஆண்டுகளுக்கும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கும் கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. அவைதான் கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் இடங்கள்.

எதைப் புதைக்கிறார்கள்?

அணுக்கழிவு என்றதும் எல்லாம் ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கையுறை, துணி, வடிகட்டி, பழைய குழாய் போன்றவை குறைந்த அல்லது நடுத்தரக் கதிரியக்கம் உள்ளவை. இவற்றில் கவலை தருபவை முக்கியமாக சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகிய இரண்டும். இரண்டுக்கும் அரைவாழ்வுக் காலம் சுமார் 30 ஆண்டுகள். அதாவது 30 ஆண்டுகளில் பாதி, 60 ஆண்டுகளில் கால், 90 ஆண்டுகளில் அரைக்கால்... இப்படியே போனால் 300 ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எரிந்து முடிந்த அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும்போது கிடைக்கும் திரவம் வேறு வகை. இது உயர்நிலைக் கழிவு. இதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலன்களில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். இது பல ஆண்டுகளுக்குச் சூடாகவே இருக்கும். அணு எரிபொருளில் உருவாகும் புளூட்டோனியம்-239 இன் அரைவாழ்வோ சுமார் 24,100 ஆண்டுகள்!

கல்பாக்கம்: 300 ஆண்டுக் கணக்கு

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983 இல் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. குறைந்த, நடுத்தரக் கழிவுகளுக்கான புதைகுழிகளும் அந்த வளாகத்திலேயே உள்ளன. கல் பதித்த குழிகள், கான்கிரீட் அகழிகள், "டைல் ஹோல்" எனப்படும் செங்குத்தான குழாய்க் குழிகள் என மூன்று விதமாக இந்தியாவில் இவை அமைக்கப்படுகின்றன. எல்லாமே தரை மட்டத்தில் இருந்து சில மீட்டர் ஆழத்துக்குள்தான்.

இங்கே முதல் எதிரி கதிரியக்கம் அல்ல, தண்ணீர். கழிவு தானாக நடந்து ஊருக்குள் வராது. அதைச் சுமந்து வரக்கூடியது நிலத்தடி நீர் ஒன்றுதான். கல்பாக்கத்தின் ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவில் மணல் நிலம், அதற்குக் கீழே பாறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் மேலே ஏறும், கோடையில் இறங்கும். எனவே குழியின் ஆழத்தைக் கோடையில் அளந்து முடிவு செய்தால் மழைக்காலத்தில் கழிவு தண்ணீரில் நிற்கும். உச்ச மழையின் நீர்மட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நிலத்தடி நீர் எவ்வளவு வேகமாக நகரும்? இதற்கான விதியை 1856 இல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வெளியிட்டார். டிஜோன் நகரத்தின் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்தபோது அவர் கண்டது இது: நீரின் ஓட்டம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, மண் எவ்வளவு தூரம் நீரை விடும் என்பது. மற்றொன்று, நீர்மட்டத்தின் சரிவு. இன்றும் கழிவுப் புதைகுழிகளின் கணினிக் கணக்குகள் எல்லாம் இந்த விதியில் இருந்துதான் தொடங்குகின்றன.

ஆனால் நீர் போகும் வேகத்தில் எல்லாப் பொருளும் போவதில்லை. டிரிட்டியம் நீரோடு நீராகவே ஓடிவிடும். ஸ்ட்ரான்சியம் பின்தங்கி வரும். சீசியம் களிமண்ணைக் கண்டால் ஒட்டிக் கொள்ளும். அதனால்தான் குழிகளில் பெண்டோனைட் போன்ற களிமண்ணை இட்டு நிரப்புகிறார்கள். கட்டடம் கட்டுபவருக்குத் தொல்லை தரும் அதே உப்பும் குணம் இங்கே காவலாகிறது. ஈரம் பட்டதும் களிமண் உப்பி இடுக்குகளை அடைத்துக் கொள்ளும். குழிகளைச் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. அவற்றின் நீரை அவ்வப்போது எடுத்துச் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு? இந்தியாவில் இத்தகைய இடங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு 300 ஆண்டுகள். இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால், கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். 300 ஆண்டுகளுக்கு முன் அங்கே டச்சுக்காரர்கள் கோட்டையில் அமர்ந்து துணி வியாபாரம் செய்து கொண்டிருந்தார்கள். இன்று அங்கே இடிந்த சுவர்களும் கல்லறைகளும்தான் மிச்சம். அவர்கள் ஒரு கிணற்றை மட்டும் விடாமல் சோதித்து வரச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், இன்று யார் அதைச் செய்து கொண்டிருப்பார்கள்?

இன்னொரு பாடத்தைக் கடலே கற்றுத் தந்தது. 26 டிசம்பர் 2004 அன்று சுனாமி வந்தபோது, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்தது. இயங்கிக் கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் புதிய ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பள்ளம் நீரால் நிரம்பியது. இருபதாண்டுக் கால நிலையத்தில் நடந்தது இது. 300 ஆண்டுக் கணக்கில் இத்தகைய நாட்களையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

கோலார்: தமிழர் தோண்டிய ஆழம்

உயர்நிலைக் கழிவுக்குச் சில மீட்டர் குழி போதாது. பல நூறு மீட்டர் ஆழத்தில், உறுதியான பாறைக்குள் வைக்க வேண்டும் என்பதே உலக விஞ்ஞானிகளின் பொதுவான கருத்து. அந்த ஆழத்தில் பாறை எப்படி நடந்து கொள்ளும் என்று இந்தியா சோதித்துப் பார்த்த இடம் கோலார் தங்கவயல்.

தங்கவயலைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது முதல், வடஆற்காடு, சேலம் பகுதிகளில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நம் மக்கள். அவர்கள் தோண்டிய சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். 1965 இல் காற்றுமண்டல நியூட்ரினோ முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்றும் இந்தச் சுரங்கம்தான்.

ஆழம் ஏற ஏற ஒரு ஆபத்தும் ஏறியது. சுற்றியுள்ள அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதற்குப் பாறை வெடிப்பு என்று பெயர். சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் பலர் இதில் இறந்தார்கள். மேலே லைன் வீடுகளின் சுவர்களும் ஆடின. இந்த அதிர்வுகளைக் கருவிகள் வைத்து ஆராய்வதில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பங்கு கொண்டது. 1988 இல் தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது.

1980களில், பயன்பாட்டில் இல்லாத ஒரு சுரங்கப் பகுதியில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் அந்தச் சோதனை நடந்தது. அங்கே இருந்த பாறை ஆம்ஃபிபோலைட் என்ற கரிய, கடினமான பாறை. அதில் துளையிட்டு மின்சாரச் சூடேற்றிகளை வைத்தார்கள். கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்கப்படவில்லை. கண்ணாடிக் கழிவு தரும் வெப்பத்தைச் சூடேற்றி நடித்துக் காட்டியது, அவ்வளவுதான். சூட்டில் பாறை எவ்வளவு விரிகிறது, அழுத்தம் எப்படி மாறுகிறது என்று எட்டு ஆண்டுகள் அளந்தார்கள். அந்த அளவுகள் கணினி மாதிரிகளைச் சரிபார்க்க உதவின. இதே போன்ற சோதனை சுவீடனில் ஸ்ட்ரிப்பா என்ற பழைய இரும்புச் சுரங்கத்தில் 1977 இல் தொடங்கியிருந்தது.

28 பிப்ரவரி 2001 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரை வெளியேற்றும் பம்புகள் நின்றதும் சுரங்கங்கள் மெல்ல மெல்ல நிரம்பின. அப்போது கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. தோண்டுவது நின்ற பிறகும் நில அதிர்வுகள் நிற்கவில்லை. நீர் ஏறி, பழைய பிளவுகளுக்குள் அழுத்தம் கூடியதும் பாறை மீண்டும் அசைந்தது. தண்ணீர் எங்கே, நிலம் நிற்குமா என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று தங்கவயல் காட்டிவிட்டது.

பழைய சுரங்கம் ஏன் கூடாது?

இதை மற்ற நாடுகள் பட்டுத்தான் அறிந்தன. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லயன்ஸ் நகரில் பழைய உப்புச் சுரங்கம் ஒன்றை 1970 இல் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பழைய எண்ணெய்த் துளைகள் பல இருந்தன. பக்கத்து உப்புச் சுரங்கத்தில் உள்ளே செலுத்திய தண்ணீர் ஒருமுறை திரும்பி வரவே இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 1972 இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஜெர்மனிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அஸ்ஸே என்ற உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கிவிட்டார்கள். 1988 முதல் உள்ளே தண்ணீர் வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 12,000 லிட்டர்! சுவர்களும் நெருக்கத் தொடங்கின. கடைசியில் எல்லாவற்றையும் மீண்டும் வெளியே எடுப்பது என்று 2010 இல் முடிவு செய்தார்கள்.

சுரங்கம் என்பது தாதுவுக்காகத் தோண்டியது. அதன் ஒவ்வொரு சுரங்கப் பாதையும் தண்ணீருக்கு ஒரு வழி. இதனால்தான் பின்லாந்து பழைய சுரங்கம் எதையும் தேடாமல், ஓல்கிலுவோட்டோவில் தோண்டப்படாத பாறையைத் தேர்ந்தெடுத்து 2004 இல் குடையத் தொடங்கியது.

கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி

2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்து கொண்டிருந்தது. கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி எழுந்தபோது, அரசுத் தரப்பில் கோலார் சுரங்கத்தின் பெயர் சொல்லப்பட்டது. செய்தி வெளியானதும் தங்கவயல் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, ஊர்வலங்கள் நடந்தன. கர்நாடக அரசும் எதிர்த்தது. சில நாட்களிலேயே, அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது.

அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வேலை போய்ப் பதினோரு ஆண்டுகள். ஊரைச் சுற்றி கோடிக்கணக்கான டன் சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். தங்கம் போன இடத்தில் மிஞ்சியது கழிவு மட்டுமே என்று கண்டவர்களுக்கு, இன்னொரு கழிவு வருகிறது என்பதை நீதிமன்றச் செய்தியில் இருந்து தெரிந்து கொள்ள வேண்டி வந்தது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அறிவிக்கப்பட்டபோதும், மலைக்குள் அணுக்கழிவைப் புதைப்பார்களோ என்ற அச்சம் பரவியதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். அது கழிவுக்கான இடம் அல்ல என்று விஞ்ஞானிகள் எத்தனை முறை சொல்லியும் பலர் நம்பவில்லை.

பின்லாந்தில் நடந்தது வேறு. அங்கே உள்ளூர் நகராட்சிக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டத்திலேயே உண்டு. யூராயோக்கி நகர மன்றம் 2000 இல் வாக்களித்துச் சம்மதம் தந்தது. அதன் பிறகுதான் 2001 இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

பாறையைச் சூடாக்கி எட்டு ஆண்டுகள் பொறுமையாக அளந்தவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். கிணற்று நீரை எடுத்துச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தண்ணீர் எங்கே, நிலம் நிற்குமா என்ற கேள்விகளுக்கு அவர்களால் பதில் தர முடியும். ஆனால் அந்த நிலத்தின் மேல் வாழ்பவர்களிடம் கேட்டீர்களா என்ற மூன்றாவது கேள்விக்குக் கருவி எதுவும் கிடையாது. அதை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். அதுவும் துளை போடுவதற்கு முன்னால்!