பத்மினிக்கு வராத டிஸ்க்

1966-இல் இத்தாலியில் ஃபியட் 1100ஆர் வெளிவந்தபோது அதன் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருந்தது. அதற்கு முந்தைய 1100டி ஏற்கெனவே பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியிடம் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிலைட், பிரெசிடென்ட், பத்மினி என்று பெயர் மாறிக்கொண்டே போனது. பத்மினி உற்பத்தி 2000 வாக்கில் நின்றது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகரிலும் நாம் பார்த்து வளர்ந்த ‘ஃபியட்’ எல்லாம் டிரம் வண்டிகள்தான்.

இந்த டிஸ்க் கதையில் சென்னைக்கும் ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். செம்பில் செய்த பேட், புழுதி ரோட்டில் சீக்கிரமே தேய்ந்தது. யோசனை அலமாரிக்குள் போனது. 1953-இல் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான்ஸ் பந்தயத்தை ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1956-இல் டிரையம்ப் டிஆர்3 காருக்கு முன் டிஸ்க் கொடுத்தது கிர்லிங். அந்தக் கிர்லிங்கின் தாய் நிறுவனமான லூகாஸ்தான் 1962-இல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. டிஸ்க் செய்யத் தெரிந்தவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். டிஸ்க் கேட்கும் கார்தான் இங்கே தயாராகவில்லை.

குடும்ப வண்டிக்கு டிரம்மே போதாதா? போதும். ஆனால் ஃபியட் 1100 வெறும் குடும்ப வண்டி அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், சிலிண்டர் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டர் மாற்றி, சைலன்சரைக் கழற்றி ஓட்டிய வண்டி அது. 1089 சிசி இன்ஜினை எப்படியும் உசுப்பிவிடலாம். நிறுத்துவதுதான் பாடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்பதற்குள் வெளியேற்ற வேண்டிய சக்தி சுமார் 347 கிலோஜூல். நம் ஊர் வெயிலில் குழாயில் வரும் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் கொதிக்க அது போதும். இதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்கிறது, காற்றே அதை ஆற்றிவிடும். சூட்டில் தடித்தாலும் பேடின் பக்கம்தான் வரும். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம், நாலைந்து முறை மிதித்துக் காயவைக்கும் வரை பிடிக்காது. டிஸ்க்கோ சுழற்சியிலேயே நீரை உதறிவிடும்.

1985-இல் பிரீமியரே முன் டிஸ்க்கோடு 118என்இ-யைக் கொண்டுவந்தது. மாருதிகளும் பெருகின. அவை வயதாகி உடைபடத் தொடங்கியதும் டிஸ்க்கும், பேடை அதன்மேல் அழுத்தும் கேலிப்பரும் புதுப்பேட்டைக் காயலான் கடைகளுக்கு வந்தன. ஃபியட்டின் டூரினிலிருந்து நேராக வராதது, கூவம் கரை வழியாகப் பத்மினிக்கு வந்து சேர்ந்தது.

புதுப்பேட்டைக் குவியலில் கிடக்கும் டிஸ்க்கை மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் வாங்குவது வீண். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும். என்னைக் கேட்டால், கேலிப்பரைப் பழையதாகவும் டிஸ்க், பேட், ஹோஸ் மூன்றையும் ஜி.பி. ரோட்டில் புதிதாகவும் வாங்குவதே உத்தமம். கேலிப்பருக்கும் ரப்பர் சீல் புதிதாகத்தான் போட வேண்டும்.

அடுத்த நிறுத்தம் லேத் பட்டறை. வேறு வண்டியின் டிஸ்க், பத்மினியின் ஹப்பில் நேராக உட்காராது. ஹப்பைக் கடைய வேண்டும். டிரம்மின் பேக் பிளேட் இருந்த இடத்தில் கேலிப்பரைத் தாங்க இரும்பு பிராக்கெட் செய்ய வேண்டும். அவசரத்தில் மெல்லிய தகட்டை வெல்டிங் வைத்துத் தரும் பட்டறையில் நிற்கவே கூடாது. மொத்த வண்டியின் உந்தமும் அந்தத் துண்டில்தான் வந்து முட்டும். 14 அங்குல ரிம் உள்ளே கேலிப்பரை உரசாமல் சுற்றுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

மாட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. டிரம் வண்டியில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்க ஒரு வால்வு உண்டு. அது டிஸ்க் லைனிலும் அப்படியே இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். லஸ்ஸிலிருந்து அடையாறு பாலம் தாண்டுவதற்குள் சக்கரம் கொதிக்கும். டிரம்மில் முன்னோக்கிய ஷூ சுழற்சியால் தானே இழுபட்டு அழுத்தும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் வேக்குவம் பூஸ்டர் இல்லாவிட்டால் பெடலைக் கல்லாக மிதிக்க வேண்டியிருக்கும். கேலிப்பர் பிஸ்டன் பெரியது, அதிக ஆயில் கேட்கும். சிலிண்டரின் அளவும் அதற்கு ஒத்துவர வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் உள்ள சிலிண்டராகவே போட்டுவிட்டால், ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது காப்பாற்றும். பிறகு ஏர் எடுத்து, புதுப் பேடை மிதமான வேகத்தில் பல முறை மிதித்து டிஸ்க்கோடு பழக்க வேண்டும். விடியற்காலை பெசன்ட் நகர் சாலைகள் இதற்குத் தோது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

கழற்றிய டிரம்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஃபியட் பிரியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை தேயாத, வாய் விரியாத பழைய டிரம். கேலிப்பர் வாங்கிய அதே புதுப்பேட்டைக் கடையில் அதைக் காட்டி, பிராக்கெட் கூலியில் ஒரு பகுதியையாவது கழித்துக்கொள்ளலாம்.