வாலேஸ்வரன் என்ற பெயர்

வாணியம்பாடியில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். வேலூர் மத்திய சிறையில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே போலீஸ்காரர்களுக்கு ஷூ தைக்கும் பட்டறை உண்டு. தொழிலை அங்கேதான் கற்றார். ஆம்பூர் வரைக்கும் ஷூ கம்பெனிகள்தான், வேலைக்கா பஞ்சம்? ஆனால் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "இத்தனை நாள் எங்கப்பா இருந்தே?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவரை நினைத்தால் எனக்கு வ.உ.சி. ஞாபகம் வரும். அவர் சிறை போன காரணமே வேறு, தெரியும். வெளியே வந்தவருக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பள்ளிப் புத்தகத்தில் அவர் கதை கப்பலில் தொடங்கி செக்கில் முடிந்துவிடும். 1912 டிசம்பரில் விடுதலையானவர் 1936 வரை வாழ்ந்தார். அந்த 24 வருஷத்தை நாம் பேசுவதில்லை. கப்பல் கம்பெனி அதற்குள் மூடப்பட்டிருந்தது. தண்டனையோடு வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சட்டம் படித்த மனுஷன் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தனக்காகத் திரட்டிய பணத்தைக் கேட்டு காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1916இல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா.

சட்ட அறிவு அவரிடம் அப்படியேதான் இருந்தது. இல்லாமல் போனது, இவரை நம்பலாம் என்று சொல்ல ஒரு ஆள். பல வருஷம் கழித்து அப்படிச் சொன்னவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. வழக்கு நடந்த காலத்தில் திருநெல்வேலியில் அதிகாரியாக இருந்து வ.உ.சி.யை அறிந்தவர். அவர் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில். நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

இன்றைக்கும் சட்டம் அந்த ஆளுக்காகத்தான் காத்திருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பழைய தண்டனையை உண்மையாகச் சொன்னாலும், வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது.

போன வருஷம் எங்கள் டீமுக்குத் தேர்வான ஒரு பையனின் பேக்ரவுண்ட் செக்கில் பழைய தண்டனை ஒன்று வந்தது. "நீங்க பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?" என்று எச்.ஆரில் கேட்டார்கள். வ.உ.சி.யைப் பற்றி இவ்வளவு படித்தவன் நான். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.