கைத்தறியும் தமிழகத்தின் தொடக்ககாலத் தலைவர்களும்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் இருபது ஆண்டுகளில் சென்னை மாநிலத்தை வழிநடத்திய ராஜாஜி, காமராசர், அண்ணா ஆகிய மூவரின் அரசியலிலும் கைத்தறி நெசவுக்குத் தனி இடம் உண்டு. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து ஆரணி, களம்பூர், குடியாத்தம் வட்டாரங்களும் செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரமும் நெசவை நம்பியே வாழ்ந்தன.

பின்னணி

1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது கதரும் மதுவிலக்கும் அதன் முதன்மைப் பணிகளாயின. 1935-இல் மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் இயங்குவது அதுவே. நூலுக்கும் விற்பனைக்கும் தனி வியாபாரியை நம்பியிருந்த நெசவாளருக்கு மாற்று வழி காட்டுவது அதன் நோக்கம்.

1952 நெருக்கடி

1952-இல் கைத்தறித் துணி தேங்கியது. தறிகள் நின்றன, நெசவாளர் பசியாற ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மைய அரசை வற்புறுத்தினார். மில் முதலாளிகள் எதிர்த்தனர். கோரிக்கை முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் மில்களின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1952 அக்டோபரில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-இல் மில் துணிக்குக் கெஜத்துக்குக் காலணா வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வழி செய்யப்பட்டது.

பள்ளியில் பாதி நாள், பெற்றோரின் தொழிலில் பாதி நாள் என்ற ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தி.மு.க.வும் கைத்தறி விஷயத்தில் களமிறங்கியது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953-இல் தோழர்களுடன் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்.

குடியாத்தம் இடைத்தேர்தல்

1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். தென்மாவட்டத் தொகுதி எதையும் தேடாமல், நெசவாளர் நிறைந்த குடியாத்தத்தில் நின்றார். பெரியாரும் தி.மு.க.வும் ஆதரவு தர, கம்யூனிஸ்ட் வேட்பாளரை வென்றார். பதவியேற்ற சில வாரங்களிலேயே ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்ட அவர், கைத்தறிக் கொள்கையில் கை வைக்கவில்லை. அவர் ஆட்சிக்காலத்தில் மில் துணி வரிப்பணத்தின் துணையுடன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின.

1954-இலேயே, துணித்தொழிலை ஆராய மைய அரசு அமைத்த கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. வேலை இழப்போர் எண்ணிக்கையை அஞ்சிய அரசியல் தலைமை அதை அப்படியே ஏற்கத் துணியவில்லை.

மரபு

1967 மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா, 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். மூவரின் காலத்துக்குப் பின், ராஜாஜி கேட்ட ஒதுக்கீடு 1985-இல் நாடாளுமன்றச் சட்டமாகியது. தொடக்கத்தில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய அச்சட்டம், 1993-இல் உச்சநீதிமன்றத்திலும் நிலைத்தது. பின்னர் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆரணி வட்டாரத் தறிவீடுகளில் பாவு பிணைத்தல், ஊடைக்கு நூல் சுற்றுதல், ஜரிகை சேர்த்தல் எனக் குடும்பமே பங்கேற்கிறது. ஆனால் கூலி தறியில் உட்கார்ந்து நெய்தவர் பெயரிலேயே கணக்காகிறது.

கொள்கையில் எதிரெதிராக நின்ற மூவரும் கைத்தறி காக்கப்பட வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அவர்கள் காலத்தில் தொடங்கிய முயற்சிகள் துணிக்கும் சந்தைக்கும் சட்டப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தன. நெய்பவர் கூலிக்கு அதே உறுதி இன்னும் கிடைக்கவில்லை.